நிறுத்தும் உரிமையும் லோகசங்கிரகமும்

செயலை விட்டு விலகும் உரிமை ஒருவருக்கு எப்போது வாய்க்கிறது என்ற கேள்வியைப் புணேயிலிருந்து மிகக் கூர்மையாக எழுப்பியவர் பால கங்காதர திலகர். 1908-இல் ராஜத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டு மாண்டலே சிறையில் இருந்த காலத்தில் பென்சிலால் எழுதி, விடுதலைக்குப் பின் 1915-இல் வெளியிட்ட 'கீதா ரகசியம்' என்னும் மராத்தி நூலில், ஞானம் பெற்றவன் கர்மங்களைத் துறந்தாக வேண்டும் என்று பகவத்கீதைக்குச் சங்கரர் வழியினர் கூறும் பொருளை அவர் மறுத்தார். லோகசங்கிரகத்தின் பொருட்டு, அதாவது உலகத்தார் சிதறாமல் ஒன்றி வாழ்வதற்காக, ஞானியும் செயலில் நிற்கவேண்டும் என்பது அவர் முடிவு.

இன்று புணேயின் ஹிஞ்சவடி போன்ற மென்பொருள் வட்டாரங்களில், நிறுத்தும் உரிமை யாருக்கு என்ற வடிவில் இக்கேள்வி கணினித் திரையிலேயே எழக்கூடும். அலுவலக வலையமைப்பில் இணைந்த விண்டோஸ் கணினியில் பவர் குறியைச் சொடுக்கினால், ஷட் டவுன், ரீஸ்டார்ட் என்பவை தோன்றாமல், தற்போது பவர் ஆப்ஷன் எதுவும் இல்லை என்ற ஒற்றை வரி வருவதுண்டு. அவ்வரிக்குப் பின்னால் இரு வேறு நிலைகள் இருக்கலாம். ஒன்று, குரூப் பாலிசி எனப்படும் மைய விதித்தொகுப்பின் வழியே நிர்வாகி அக்கட்டளைகளை ஸ்டார்ட் மெனுவிலிருந்து மறைத்திருப்பது. மற்றொன்று, கணினியை அணைக்கும் பயனர் உரிமையையே அவர் நீக்கியிருப்பது. மறைப்பு மட்டும் நிகழ்ந்திருந்தால், உரிமையுள்ள பயனர் கட்டளைச் சாளரத்தில் ஷட் டவுன் கட்டளையைத் தட்டச்சு செய்து கணினியை அணைத்துவிடலாம். உரிமை நீங்கியிருந்தால் அவ்வழியும் மூடப்படும். ஆகவே பழுது தேடுபவர் எந்த விதி எங்கிருந்து வந்து பொருந்தியது என்பதை ஜிபி-ரிசல்ட் கட்டளையால் முதலில் அறிதல் வேண்டும்.

கருமேந்திரியங்களை அடக்கிவிட்டு மனத்தால் புலன்விஷயங்களையே நினைத்திருப்பவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் மித்யாசாரன், அதாவது பொய்யொழுக்கமுடையவன், என்கிறது. புறத்தே காணும் அடக்கம் உள்நிலையைக் காட்டிவிடாது என்ற அந்நுட்பம் இங்கும் பொருந்துகிறது. ஆயினும் ஒப்புமை அவ்வளவோடு நிற்கிறது. கீதையில் அடக்குபவனும் அடங்குபவனும் ஒருவனே, அலுவலகத்தில் அவர்கள் இருவர். அதனால்தான் திரையில் வரும் 'இல்லை' என்ற அச்சொல் உறுத்துகிறது: 'தடுக்கப்பட்டது' என்று சொல்லவேண்டிய இடத்தில் அது தடுத்தவரையும் காரணத்தையும் சேர்த்தே மறைக்கிறது.

தடையே தவறு என்று இதற்குப் பொருளன்று. பலருடைய கோப்புகளையும் வேலையையும் தாங்கி நிற்கும் சர்வரில், அட்மினிஸ்ட்ரேட்டர், பேக்கப் ஆபரேட்டர் போன்ற சில குழுக்களுக்கே அணைக்கும் உரிமை இயல்பாக உண்டு. சாதாரணப் பணிக்கணினியிலோ பயனர் எல்லோருக்கும் உண்டு. ஒருவர் நிறுத்தினால் யார் யாருடைய செயல் அறுபடும் என்பதே இந்த வேறுபாட்டின் அடிப்படை என்பதால், லோகசங்கிரகத்தை முதன்மைப்படுத்திய திலகரின் வாசகருக்கு இது அந்நியமாகப் படாது. எவருக்கும் எதையும் பகிராத ஒரு மேசைக் கணினிக்கும் அதே தடை விதிக்கப்படும்போதோ, இரவில் மென்பொருள் புதுப்பிப்புகளை அனுப்புவதற்கு அது விழித்திருக்கவேண்டும் என்பது போன்ற காரணம் ஒன்று இருந்தாகவேண்டும். அக்காரணத்தைப் பயனரிடம் வெளிப்படக் கூறும் கடமை, உரிமையை நீக்கிய நிர்வாகியையே சாரும்.