வேடம் யாருடையது?

2013-இல் வந்த 'சூது கவ்வும்' படத்தில் ஆள் கடத்துகிற தாஸாக விஜய் சேதுபதி நடித்தார். 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் நாயகன் மிர்ச்சி சிவா. கருணாகரனும் எம்.எஸ். பாஸ்கரும் பழைய வேடத்தில் இருக்கிறார்கள். போனில் பார்த்த என் மகன், "ஆளை மாத்திட்டா அது எப்படிப்பா அதே கதை?" என்றான். ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

சினிமாவில் ஆள் மாறினால் சண்டை போடுகிறோம். ஊரில் ஆள் மாறுவது யார் கண்ணிலும் படுவதில்லை. தாத்தா சாவுக்குப் பறை அடித்தார். அவர் போனதும் அப்பா அடித்தார். அப்பா செத்த பதினாறாம் நாள், லால்குடிப் பக்கத்து எங்கள் சேரிக்கு ஊர்க்காரர் ஒருவர் வந்தார். "ஏன்டா, இனிமே நீதானே?" என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது நானல்ல, வேடத்துக்கு ஓர் உடம்பு. முடியாது என்று சொல்லிவிட்டுத் திருச்சிக்கு வந்துவிட்டேன்.

முதல் படத்தில் ஒரு நேர்மையான அமைச்சர். தன்னையே கடத்தியதாக நாடகமாடி அவரிடம் பணம் பறித்த மகன், கடைசியில் அமைச்சராகிறான். எல்லாரும் சிரித்தோம். அப்பன் நாற்காலி மகனுக்கு என்றால் அது சிரிப்பு. அப்பன் பறை மகனுக்கு என்றால் அது ஊர் வழக்கம்.

ஆளையே வேறாக்கிவிட்டால் விடுதலையா? ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள். உறையூர்த் திருப்பாணாழ்வார் கோயிலுக்குள் போக முடியாமல் காவிரிக் கரையில் நின்று பாடியவர். லோகசாரங்க முனி அவரைக் கல்லால் அடித்தார், பிறகு அரங்கன் கட்டளைப்படி தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார் என்பது கதை. அதே குருபரம்பரைக் கதை, அவர் பாணர் வயிற்றில் பிறக்கவில்லை, நெல்வயலில் கிடைத்த பிள்ளை, பாணர் எடுத்து வளர்த்தார்கள் என்றும் சொல்கிறது. பெயர் அதே, பாட்டு அதே. பிறப்பை மட்டும் மாற்றிவிட்டார்கள். பாணத்தி பெற்ற பிள்ளையைத் தோளில் ஏற்ற அவர்களுக்கு மனசு வரவில்லை. உள்ளே போனவரும் திரும்பவில்லை, அரங்கனோடு கலந்துவிட்டாராம். கரையில் நின்ற மற்ற பாணர்களை யார் சுமந்தார்கள்?

இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா? நான் மறுத்த மறுவாரமே ஊர்க்காரர் சித்தப்பா மகனைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே வந்தேன், வேடம் சாகவில்லை. நான் செய்ததும் ஆள் மாற்றம்தான். தனி ஒருத்தன் தப்பித்தால் அவனுக்கு மானம் மிஞ்சும். ஆனால் அந்த இடம் காலியாகவே இருக்கும்படி சேரி மொத்தமும் கைகோத்து மறுத்தால்தான் கதை முடியும்.

போன மாசம் தம்பி பேசினான். "அண்ணே, பையனை உங்கிட்ட அனுப்பிடுறேன். இங்க இருந்தா இவனையும் கூப்புடுவானுங்க." அனுப்பு என்றேன். "அப்ப நீ?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.