உன் கையில் இல்லாதது

முப்பது முறை போய்வந்தால் போதும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு அது. எதிரியின் வானத்துக்குள் முப்பது தடவை போய்த் திரும்பிவிட்டால் ஒரு சுற்று முடிந்தது. அப்புறம் கொஞ்ச காலம் பயிற்சி முகாமில் வாத்தியார் வேலை. மறுபடி கூப்பிட்டால் இன்னொரு இருபது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் இரவுக்கு நூற்றுக்கு நான்கு விமானங்கள் திரும்பவில்லை என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள்: நூறு குழுக்கள் கிளம்பினால் முப்பதாவது இரவு முடியும்போது மிஞ்சுவது 29. 1943-44 குளிர்காலத்தில் பெர்லினுக்குப் பறந்தபோது இழப்பு நூற்றுக்கு ஐந்தையும் தாண்டியது. அந்த விகிதத்தில் 21 குழுக்கள்கூடத் தேறாது.

மொத்தம் 1,25,000 பேர் பறந்தார்கள். 55,573 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் இருபது வயதைத் தொட்டுச் சில ஆண்டுகளே ஆனவர்கள். அத்தனை பேரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் நகரத்துக்குக் கிளம்பிய 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. நிலா வெளிச்சம் அன்று அவர்களைக் காட்டிக்கொடுத்தது. அந்த ஓர் இரவில் மட்டும் 545 விமானப்படையினர் போனார்கள்.

இந்த எண்களைவிட என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது அவர்கள் குழுவாகச் சேர்ந்த விதம். லங்காஸ்டர் விமானத்தில் ஏழு பேர்: விமானி, இயந்திரப் பொறியாளர், வழி கணிப்பவர், குண்டு குறிபார்ப்பவர், வயர்லெஸ்காரர், முதுகுக் கூண்டில் ஒரு துப்பாக்கிக்காரர், வால் கூண்டில் ஒருவர். யார் யாரோடு பறப்பது என்பதை ராணுவம் முடிவு செய்யவில்லை. பயிற்சி முகாமில் எல்லோரையும் ஒரு பெரிய கொட்டகைக்குள் விட்டு, நீங்களே கூட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முன்பின் தெரியாத பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "உனக்கு ஆள் கிடைச்சாச்சா?" என்கிற மாதிரி கேட்டுச் சேர்ந்தார்கள். உயரமாக இருக்கிறான், நிதானமாகப் பேசுகிறான், நம்மூர்ப் பக்கத்துக்காரன் என்பதெல்லாம் காரணங்கள். எந்தத் தேர்வும் வைக்காமல் விட்ட இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. கல்யாணத்துக்கு இத்தனை ஜாதகம் பார்க்கும் நமக்கு இது கொஞ்சம் யோசிக்கத் தக்கது.

இந்தப் பையன்களுக்கு மேலிடம் சொல்லிவந்தது ஒன்று உண்டு. முதல் சில பயணங்கள்தான் ஆபத்து. அதைத் தாண்டிவிட்டால் அனுபவம் உங்களைக் காப்பாற்றும். கண்ணை அகல விழித்திருங்கள், சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்யுங்கள், பிழைப்பீர்கள். நம் ஊரில் விதியை மதியால் வெல்லலாம் என்போமே, அதன் ராணுவப் பதிப்பு.

1943 ஜூலையில் ஹை விக்கம் அருகே இருந்த பாம்பர் கமாண்ட் தலைமையகத்தின் ஆய்வுப் பிரிவில் பத்தொன்பது வயதுக் கணிதக்காரர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் இயற்பியலில் பெரும் பெயர் பெற்ற ஃப்ரீமன் டைசன்தான் அவர். அனுபவம் கூடக்கூட உயிர் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறதா என்று இழப்புப் பதிவுகளை வைத்துப் பார்க்கும் வேலை அவரிடம் வந்தது. முன்பு ஒரு காலத்தில் அப்படி இருந்திருக்கிறது. அவர் பார்த்த நேரத்தில் இல்லை. ஐந்தாவது பயணத்துக்குப் போகிறவனும் இருபத்தைந்தாவது பயணத்துக்குப் போகிறவனும் ஒரே சீட்டைத்தான் எடுத்தார்கள்.

காரணம் பிற்பாடு விளங்கியது. ஜெர்மானிய இரவுப் போர் விமானங்களில் மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கிகள் வந்திருந்தன. குண்டுவீச்சு விமானத்துக்கு நேர் கீழே, யாருக்கும் தெரியாத குருட்டு இடத்தில் ஒட்டிப் பறந்து, இறக்கையில் இருந்த எரிபொருள் தொட்டியைப் பார்த்துச் சுடுவார்கள். சுடுகிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒளிக்கோடு கூடத் தெரியாது. வால் கூண்டில் இருப்பவன் எவ்வளவு கூர்மையாக விழித்திருந்தாலும் கீழே பார்க்க அவனுக்கு வழியில்லை. அவன் திறமைசாலியா சோம்பேறியா என்ற கேள்விக்கே அங்கே இடம் கிடையாது.

டைசன் கண்ட முடிவு பறந்துகொண்டிருந்தவர்கள் காதுக்குப் போகவில்லை. அனுபவம் காப்பாற்றும் என்ற பேச்சு தொடர்ந்தது.

இதில் முதலில் எழும் கேள்வி, சொல்லியிருக்க வேண்டுமா என்பது. நாளை ராத்திரி ஏறப்போகிறவனிடம் போய், "தம்பி, நீ என்ன செய்தாலும் ஒன்றுதான்" என்று எப்படிச் சொல்வது? சொல்லி என்ன ஆகப்போகிறது? பறக்க மறுத்தால் அவனுடைய பதிவேட்டில் 'மனவுறுதி அற்றவன்' என்று எழுதுவார்கள், சீருடையில் இருந்த சிறகுச் சின்னத்தைப் பிடுங்குவார்கள், முகாமை விட்டு அனுப்புவார்கள். போகத்தான் வேண்டும் என்றால் நம்பிக்கையோடு போகட்டுமே. கருணையுள்ள பொய் என்று இதற்கு நம்மிடம் நல்ல பெயர் உண்டு.

எங்கள் வீட்டிலும் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறோம். பெரியப்பாவுக்கு நோய் முற்றிய நிலையில்தான் தெரிந்தது. டாக்டர் அப்பாவையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு எவ்வளவு காலம் என்று சொன்னார். வெளியே வந்து நாங்கள் பெரியப்பாவிடம் சொன்னது வேறு: "மனசு தைரியமா இருந்தா பாதி நோய் ஓடிரும்ணே. காலையில நடங்க, கஞ்சியைக் குடிங்க, எல்லாம் உங்க கையிலதான் இருக்கு." அவரும் தினமும் விடியற்காலை மொட்டை மாடியில் நடந்தார். கடைசி மாதத்தில் எழுந்திருக்க முடியாமல் போனபோது அப்பாவிடம் கேட்டார்: "நடுவுல ரெண்டு நாள் நடக்காம விட்டேனே, அதனாலதான் இப்படி ஆயிருச்சோ?"

கருணையுள்ள பொய்க்கு இப்படி ஒரு மறுபக்கம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. பிழைப்பது உன் கையில் என்று சொன்னால், பிழைக்காமல் போனதும் உன் கையால்தான் என்று ஆகிவிடுகிறது. நோயாளிக்கு நோயோடு பழியும் சேர்ந்துகொள்கிறது.

விமானத் தளங்களிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும். ஒரு குழு திரும்பவில்லை. விடிவதற்குள் அவர்களுடைய சாமான்களை எடுத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பத் தனி ஆட்கள் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டிலில் புது ஆள் படுத்திருப்பான். அனுபவம் காக்கும் என்று நம்புகிறவன், போனவர்களைப் பற்றி என்ன நினைப்பான்? ஏதோ அசட்டையாக இருந்திருக்கிறார்கள், நேர்கோட்டில் ரொம்ப நேரம் பறந்திருக்கிறார்கள், நான் அப்படிச் செய்ய மாட்டேன். மறுத்துப் பேச அவர்கள் இல்லை. முப்பதை முடித்தவர்கள் மட்டும் பயிற்சி முகாமுக்குப் போய், தாங்கள் எப்படிப் பிழைத்தோம் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுத்தார்கள். அவர்கள் செய்ததையே அச்சுப்பிசகாமல் செய்து செத்தவர்களுக்குப் பாடம் எடுக்க வழியில்லை.

திரும்பாதவர்கள் பக்கம் காதை வைக்க ஒருவர் முயன்றார். ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் அறிஞர், போர்க்காலத்தில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்து அமெரிக்க ராணுவத்துக்காக வேலை பார்த்தவர். திரும்பி வந்த விமானத்தில் ஓட்டைகள் நிறைந்த இடத்துக்குக் கவசம் போடாதீர்கள், ஓட்டையே இல்லாத இடத்துக்குப் போடுங்கள், அங்கே அடிபட்டவைதான் திரும்பவில்லை என்று அவர் தளபதிகளை மடக்கியதாக ஒரு கதை இன்று எல்லா மேடைகளிலும் ஓடுகிறது. உண்மையில் அவர் விட்டுச்சென்றது வறட்டுச் சமன்பாடுகள் நிரம்பிய சில குறிப்பறிக்கைகள். கருத்து என்னவோ அதேதான். நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபின் 1938இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த யூதர் அவர். அவருடைய குடும்பத்தில் பெரும்பாலோர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். 1950 டிசம்பரில் இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுக்காக மனைவியோடு வந்தார். அவர்கள் பயணம் செய்த ஏர் இந்தியா விமானம் நீலகிரியில் ரங்கசாமி மலைமுடியருகே மோதி இருவருமே இறந்துபோனார்கள். கோத்தகிரிப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருக்கக்கூடிய மலைதான்.

பறந்தவர்கள் ஏமாளிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முட்டை ரேஷனில் கிடைத்த காலம் அது. பறக்கப் போகிறவர்களுக்கு மட்டும் முட்டையும் பன்றி இறைச்சியுமாகச் சாப்பாடு உண்டு. "நீ திரும்பலைன்னா உன் முட்டையை நான் எடுத்துக்கட்டுமா?" என்பது அங்கே வழக்கமான கேலி. ஏறுவதற்கு முன் விமானத்தின் வால் சக்கரத்தில் சிறுநீர் கழித்துவிட்டு ஏறுவது பல குழுக்களில் சாஸ்திரம். பொம்மை, காதலியின் துணி, முயல்கால் என்று ஆளுக்கொரு தாயத்து. திறமை காப்பாற்றும் என்று முழுசாக நம்புகிறவன் சக்கரத்தை நனைக்க மாட்டான். கணக்கு அவர்களுக்கும் தெரியும். போர்டில் அழிக்கப்படும் பெயர்களைத் தினமும் பார்த்தவர்கள்தானே. வானத்தில் ஒரு விமானம் அப்படியே வெடித்துச் சிதறுவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னால், அது விமானம் இல்லை, உங்களைப் பயமுறுத்த ஜெர்மானியர்கள் சுடும் போலி வெடி என்று பதில் கிடைத்தது. அதற்குச் சோளக்கொல்லைப் பொம்மை என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். அப்படி ஒரு வெடியே ஜெர்மானியர்களிடம் இருக்கவில்லை. எத்தனை பேர் அதை நம்பினார்களோ.

அப்படியென்றால் அனுபவம் காக்கும் என்ற கதை யாருக்கு வேண்டியிருந்தது? எனக்குக் கிடைக்கும் பதில் அவ்வளவு இனிமையானதல்ல. அனுப்புகிறவர்களுக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. பிழைப்பது பறப்பவனுடைய சாமர்த்தியம் என்று முடிவு கட்டிவிட்டால் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் செய்ய எதுவும் மிச்சமில்லை.

செய்வதற்கோ நிறைய இருந்தது. துப்பாக்கிக் கூண்டுகளைக் கழற்றிவிடலாம் என்ற யோசனை டைசனின் பிரிவில் எழுந்தது. இருட்டில் அவை பெரிதாக எதையும் தடுக்கவில்லை. எடுத்துவிட்டால் எடை குறைந்து விமானம் வேகமாகப் போகும். அப்படியே அடிபட்டாலும் ஏழு பேருக்குப் பதில் ஐந்து பேர்தான் சாவார்கள். யோசனை எடுபடவில்லை. விழிப்பான துப்பாக்கிக்காரன் குழுவைக் காப்பாற்றுகிறான் என்பது அந்தக் கதையின் உயிர்நாடி. கூண்டைக் கழற்றுவது கதையைக் கழற்றுவது.

இன்னொன்று இதைவிடச் சின்னது. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களில் இருந்து எத்தனை பேர் பாராசூட்டில் தப்பினார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். அமெரிக்கர்கள் பகலில் ஓட்டிய விமானங்களில் ஏறக்குறைய பாதிப் பேர். பிரிட்டனின் ஹாலிஃபாக்ஸ் போன்றவற்றில் நூற்றுக்கு 25. எல்லாவற்றிலும் சிறந்தது என்று பெருமை பேசப்பட்ட லங்காஸ்டரில் 15. லங்காஸ்டரின் மூக்குப் பக்கத் தரையில் இருந்த தப்பிக்கும் கதவின் அகலம் 22 அங்குலம், ஹாலிஃபாக்ஸில் 24. கனத்த உடையும் நெஞ்சில் மாட்டிய பாராசூட்டுமாக, எரிந்துகொண்டு சுழலும் விமானத்தில், இருட்டில், அந்த வழியாக நுழைந்து வெளியேற வேண்டும். இரண்டு அங்குலம்.

இந்தப் பையன்கள் கீழே போட்ட குண்டுகளில் ஹாம்பர்க்கில் மட்டும் 1943 ஜூலையின் கடைசி வாரத்தை ஒட்டிச் சில நாட்களில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் அதில் ஏராளம். அவர்கள் எந்த முப்பதுக்கும் ஒப்பந்தம் போட்டவர்கள் இல்லை. மேலே இருந்தவர்களின் சாவுக்கு இரங்கும்போது கீழே இருந்தவர்களை மறைத்துவிட எனக்கு மனமில்லை. டைசனுக்கும் அது கடைசிவரை உறுத்தியது. அலுவலகத்தில் உட்கார்ந்து கொலையைச் சிக்கனமாகச் செய்யக் கணக்குப் போட்டவர்களில் தானும் ஒருவன் என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக எழுதினார்.

அந்த அலுவலகத்தில்தான் அவருடைய சக ஊழியர் ஒருவர் கதவை அகலமாக்கச் சொல்லி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பறப்பவர்களிடம் போய் உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று தவிக்கவில்லை. இரண்டு அங்குலம் கேட்டார். கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அனுமதி கிடைத்துப் பெரிய கதவு வந்தபோது போரே முடியும் தறுவாயில் இருந்தது. டாக்டர் அறையை விட்டு வெளியே வந்த அன்று, பெரியப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் அப்பாவும் நானும் மருத்துவமனை வாசலில் வெகுநேரம் பேசினோம். அவருக்கு வலி வரும்போது என்ன செய்வது என்று டாக்டரிடம் திரும்பப் போய்க் கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.