கொடையும் பேரமும்

வாலாஜாபாத் என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு வரலாற்றுப் பாடம் அடங்கியிருக்கிறது. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் இது. 1763இல் அந்நவாப் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். கடன்மேல் கடன்பட்டு, வேறு பல சீமைகளின் வரி வருவாயையும் ஈடாக வைத்தார். 1801இல் கர்நாடக ஆட்சியே கம்பெனியின் கைக்குப் போயிற்று. வருவாயை விட்டுக் கொடுத்தவர் நவாப். அதை உழைத்துச் செலுத்தியவனோ ஏரிப் பாசனத்தில் உழுத குடியானவன். அவனை எவரும் கேட்கவில்லை.

இன்று வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியே ஸ்ரீபெரும்புதூர் வரை ஆலைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றால் எத்தனையோ இல்லங்களில் அடுப்பெரிகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அவற்றை வரவழைக்க அரசு வழங்கும் சலுகைகள் யாருடைய பொருள் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2005இல் நோக்கியா நிறுவனத்துடன் தமிழக அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. சிப்காட் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குரிய வரிவிலக்கு, செலுத்திய விற்பனை வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு ஆகியவை கிடைத்தன. 2006இல் உற்பத்தி தொடங்கிற்று. ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கே நேரடியாகப் பணியாற்றினர். 2013இல் வருமான வரித்துறையுடன் வழக்கு மூண்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் முடங்கிய இவ்வாலை அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. சில ஆண்டுகளுக்குப் பின் சால்காம்ப் நிறுவனம் அவ்வளாகத்தைப் பெற்று மீண்டும் இயக்கியது உண்மையே. எனினும், இடையில் வேலையிழந்த இளைஞர்க்கும் பெண்களுக்கும் போன ஆண்டுகள் திரும்பவில்லை. வழக்கில் நியாயம் எவர் பக்கம் என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. நம் கேள்வி வேறு.

தன் பொருளை ஈபவன் வள்ளல். பிறர் பொருளைக் காத்து நிற்பவன் ஈந்தால் அவனை என்னென்பது? அரசுக் கருவூலம் ஓர் அமானிதம். அதைக் காப்பவர்க்கு வள்ளன்மை காட்டும் உரிமை இல்லை. மக்களுக்காக நேர்மையாகப் பேரம் பேசும் கடமையே உண்டு. பேரம் என்றால் இரு தரப்பும் கட்டுப்பட்டாக வேண்டும். ஒரு தரப்பு மட்டும் கட்டுப்படுவது, பெயர் எதுவாயினும், கொடையே.

"நாம் தராவிடில் அண்டை மாநிலம் தரும்" என்பர். கியா கார் ஆலை ஆந்திரத்தின் அனந்தபுரத்துக்குச் சென்றதையும் எடுத்துக் காட்டுவர். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் மாநிலங்கள் போட்டியிட்டு ஏலம் கூறுவதால் நாட்டில் ஆலைகள் பெருகுவதைவிட, ஒவ்வோர் ஆலைக்கும் நாம் கொடுக்கும் விலையே பெருகுகிறது. துறைமுகமும் சாலையும் தேர்ந்த தொழிலாளரும் ஆலைகளை ஈர்க்கும் செல்வங்கள் அல்லவா? அவையும் மக்கள் பணத்தில் உருவானவையே.

ஆகவே, சலுகை கூடாது என்பதல்ல நம் முடிவு. அதன் நிபந்தனைகள் ஊரறிய வெளியிடப்பட வேண்டும். எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டு வேலை என்பது எழுதப்பட வேண்டும். வாக்குத் தவறினால் பெற்றதைத் திருப்பித் தரும் கட்டுப்பாடும் இருக்க வேண்டும்.

வாலாஜாபாத் கடைத்தெருவில் ஒரு சோப்புக் கட்டி வாங்கும் ஏழையும் அதற்குரிய வரியைச் செலுத்தியே வாங்குகிறான். அவனுக்கு எவரும் அதைத் திருப்பித் தருவதில்லை. அவன் பெயரால் கையொப்பமிடுவோர், அவனிடம் படித்துக் காட்டக் கூசாத ஒப்பந்தத்தில் மட்டுமே கையொப்பமிடட்டும்.