சமனும் சீரும்

முருகப் பெருமானின் இருமருங்கும் வள்ளி, தெய்வயானை அம்மையார் நிற்கும் கோலம் சித்தாண்டிச் சித்திரவேலாயுத சுவாமியின் அடியார்களுக்குப் பழக்கமானது. ஒருவர் வேடர் குடியில் வளர்ந்தவர். மற்றவர் இந்திரன் திருமகள். வளர்ந்த சூழல் வேறாயினும் பெருமான் அருகில் இருவருக்கும் ஒத்த இடமே.

இருபாதியும் ஒன்றையொன்று ஒத்திருத்தலைக் கணித நூல்கள் ‘சமச்சீர்’ என்பர். பொங்கலுக்கு முற்றத்தில் இடும் கோலம் அதற்குச் சான்று. ஆயினும் ‘சீர்’ என்ற சொல் அழகு, செம்மை, அளவு எனப் பல பொருள் தரும். ‘சீர்தூக்குதல்’ என்பது நிறுத்துப் பார்த்தலாகும். திருவள்ளுவர் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்து 118ஆம் குறளில் சமன், சீர் என்னும் இரு சொற்களையும் தராசுக்கே உரியவையாக்கி, ஒருபக்கம் சாயாமையே சான்றோருக்கு அணி என்றார்.

தராசில் ஒரு தட்டில் படிக்கல், மறுதட்டில் நெல். இரண்டும் ஒரே உருவமல்ல. ஆயினும் முள் நடுவே நிற்கிறது. எனவே சமம் என்பது எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பதன்று. அவரவர்க்குரிய மதிப்பைக் குறையாது அளிப்பதாகும்.

இது எளிதன்று. ஒரு வழக்கில் ஒருபுறம் உறவினரும் மறுபுறம் அயலாரும் நிற்கும்போதே மனத்தராசு சோதிக்கப்படுகிறது. உறவின் பக்கம் சாய்பவர் அதைப் பாசம் என்பார். மறுபக்கத்தவருக்கோ அது அநீதி. மட்டக்களப்புப் பிரதேசக் கோயில்களில் திருவிழாக்களைக் குடிகள் பங்கிட்டு நடத்தும் வழமையும் இந்தச் சமனை நம்பியே நிலைக்கிறது. ‘எவர் பங்கு பெரிது?’ என்ற வாதம் எழுந்தால் விழாவின் சீர் குன்றும்.

கோலத்தின் அழகு கண்ணுக்கு. கோடாத மனத்தின் அழகு ஊருக்கு. அவ்வழகு அடியார் அனைவருக்கும் வாய்க்க வேலவன் அருள்புரிவாராக.