முகம் மாறாத மனிதர்கள்

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த 19ஆம் நூற்றாண்டில், திருச்சி ஓவியர்கள் நம் சாதிகளையும் தொழில்களையும் மைக்கா எனும் அபிரகத் தகட்டில் எழுதி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். படத்துக்குப் படம் உடையும் கருவியும் மாறும். முகம் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அபிரக ஓவியத்தில் ஒரு வகை இன்னும் விசித்திரம்: அட்டையில் ஒரே முகம், அதன்மேல் தலையில்லாத உடைகள் எழுதிய தகடுகளை மாற்றி மாற்றி வைத்தால் ஆளே மாறிவிடுவார்! அந்நியப் பார்வை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, தூரிகை பிடித்தவர் உள்ளூர்க்காரர். காசு கொடுத்தவர் கேட்ட சரக்கு அது என்பதே என் கணிப்பு. நம் சிற்பங்களும் இலக்கண வார்ப்புதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்தில், தன் தலையில் சிவன் பூமாலை சுற்ற, கைகூப்பிக் குனிந்திருக்கும் அடியார் சண்டேசரின் சிற்பத்தைப் பாருங்கள். இலக்கணம் மீறாத அந்த முகத்திலும் ஒருவருக்கே உரிய பணிவு தெரிவதால்தானோ என்னவோ, அவரை ராஜேந்திர சோழன் என்றே பலரும் நம்புகிறார்கள்.