பார்த்து வரைவது குறைவா?

பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைவது சொந்தக் கற்பனை இல்லாதவர் வேலை என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. தைல வண்ணம் கற்பவருக்கோ, பலர் கூடியிருக்கும் ஓர் அறையைப் பழைய ஓவியத்திலிருந்து திரும்ப வரைவதைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது என்பேன். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் 'லாஸ் மெனினாஸ்', ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1656-ல் தீட்டியது. உயரம் மூன்று மீட்டருக்கும் மேல். இளவரசி, தோழியர், நாய், தூரிகையோடு ஓவியர், கண்ணாடியில் தெரியும் அரசனும் அரசியும் என அத்தனை பேரும் ஏறக்குறையக் கீழ்ப்பாதிக்குள் அடங்கிவிடுகிறார்கள். மேலே பெரும்பாலும் இருண்ட அறைதான். பார்ப்பவர் கண் அந்த இருட்டைத் தாண்டிப் போய்விடும்; வரைபவர் அதன் பழுப்பையும் சாம்பலையும் படிப்படியாகக் குழைத்தே ஆக வேண்டும். பின்வாசலின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் முன்னால் நிற்கும் இளவரசியின் முகம் மங்கிவிடும். ஒன்றைத் திருத்தினால் மற்ற எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும் இந்த நெருக்கடி, தனி உருவத்தில் இவ்வளவு கடுமையாக வராது. இளவரசியின் உடையோ கிட்டே போனால் சிதறிய தீற்றல்கள், எட்டி நின்றால் பளபளக்கும் பட்டு. இழை இழையாக வரைய முயல்பவருக்கு அந்தப் பட்டு வசப்படாது. உற்றுப் பார்த்தாலே போதுமே என்பவர்களுக்கு இதுதான் பதில்: எதைப் பார்க்கவில்லை என்பது கையில் தூரிகை எடுத்த பிறகுதான் தெரிகிறது.

இன்னொருவர் கை நம் கையில் ஒட்டிக்கொண்டுவிடாதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஒட்டும். நிறத்தையும் தீற்றலையும் மட்டும் எடுத்துக்கொள்பவர் அங்கேயே நின்றுபோவதும் உண்டு. ஆனால் இந்த உருவம் ஏன் இங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே வரைபவர் வெளியே வந்துவிடுகிறார். எழுபதைக் கடந்த பிக்காசோ 1957-ல் இதே ஓவியத்தை எடுத்துக்கொண்டு 58 ஓவியங்கள் கொண்ட வரிசையையே படைத்தார். அதில் எதையும் வெலாஸ்கெஸ் என்று யாரும் மயங்க மாட்டார்கள். அவரோ முதிர்ந்த மேதை, கற்பவருக்கு அது பொருந்துமா என்றால், அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் இருக்கிறார். இளைஞராக 1879-ல் பிராடோவில் 'லாஸ் மெனினாஸை'ப் பார்த்து வரைந்தவர், 1882-ல் பாய்ட் குடும்பத்தின் நான்கு மகள்களைத் தீட்டினார். ஆழ்ந்த இருட்டறையும், ஒருவரோடொருவர் ஒட்டாமல் நிற்கும் பிள்ளைகளும் எங்கிருந்து வந்தன என்பது வெளிப்படை. ஆனால் மூத்தவளை ஆளுயரச் சாடியில் சாய்த்து, முகத்தை நிழலுக்குள் பாதி மறைத்தது அவருடைய துணிச்சல். பிள்ளைகளின் முகத்தைக் காட்டவே தீட்டும் படத்தில் அப்படிச் செய்ய வெலாஸ்கெஸ் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இருட்டைக் கையாளத்தான் சொல்லித்தந்திருந்தார்.