தாகம் தீர்க்கும் கானல்

1975இல் ஜான் வாக்கர் என்ற அமெரிக்க நிரலாளர் யூனிவாக் கணினியில் ஓடும் 'அனிமல்' என்ற விளையாட்டைப் பரப்ப ஒரு வழி கண்டுபிடித்தார். விளையாட்டு எளியது. ஆடுபவர் ஒரு விலங்கை மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். கணினி கேள்விமேல் கேள்வி கேட்டு அது எதுவென்று ஊகிக்கும். தோற்றால் விடையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும். பல ஊர்களிலிருந்தும் நகல் கேட்டு ஆட்கள் எழுத, காந்த நாடாவில் பதிந்து அனுப்பி அனுப்பி வாக்கருக்கு அலுத்துப்போனது. 'பெர்வேட்' என்ற சிறு நிரலை விளையாட்டுக்குள் செருகிவிட்டார். ஒருவர் யானையா பூனையா என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவருக்கு எழுதும் உரிமை இருந்த கோப்பகங்களிலெல்லாம் அது 'அனிமல்' நகலை வைத்துவிட்டு வந்தது. யாருக்கும் கெடுதல் இல்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

ஐம்பது ஆண்டுகளாகியும் கேள்வி மாறவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பியதை எந்த ஆதாரத்தில் வீட்டுக்குள் விடுவது? எதை வைத்து ஒன்றை உண்மை என்று கொள்வது என்பதை நம் தத்துவ மரபு அளவை என்ற பெயரில் நூற்றாண்டுக்கணக்கில் அலசியிருக்கிறது. வடமொழியில் பிரமாணம். சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என்ற மூன்றை முதன்மையாகக் கொள்வார்கள்.

காட்சி ஒன்றே போதும் என்ற சார்வாகர்களின் பாடு கணினியில் திண்டாட்டம்தான். கோப்பைப் பார்க்கலாம், உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. விண்டோஸ் இயல்பாகவே கோப்புப் பெயரின் வால்பகுதியை மறைத்துவிடுவதால், பிடிஎஃப் படம் ஒட்டிய ஒரு இஎக்ஸ்இ கோப்பு சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

கருதல் என்றால் புகையைக் கண்டு நெருப்பை அறிவது. ஆன்டிவைரஸ் செய்வது அந்த வேலைதான். அதைத் திருடர்களும் படித்திருக்கிறார்கள். ஜிப் கோப்புக்கு 1234 என்று கடவுச்சொல் போட்டு, அதையும் பக்கத்திலேயே எழுதி வைப்பது ஸ்கேனர் உள்ளே எட்டிப் பார்க்காமலிருக்கத்தான். கோப்புகளைச் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளம் 650 எம்பிவரைதான் வாங்கும் என்பதால், வெற்றுத் தகவலைத் திணித்துக் கோப்பை ஊதவைப்பதும் உண்டு. திருட்டு நகல் விளையாட்டுகளோடு வரும் குறிப்பில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும், அது பொய்யாக எச்சரிக்கும். சில சமயம் அது பொய்யாக எச்சரிப்பதும் நிஜம். அதனால்தான் இந்த வரி இன்னும் விலைபோகிறது.

மிஞ்சுவது உரை, அதாவது இன்னொருவர் வாக்கு. யாருடைய வாக்கு? மணிமேகலையின் சமயக்கணக்கர் காதை ஐதிகம் என்றொரு அளவையையும் எண்ணுகிறது. இந்த மரத்தில் ஒரு தெய்வம் உண்டு என்று உலகம் சொல்வதை அப்படியே தெளிவது. சொன்னவர் யாரென்று தெரியாது, எல்லோரும் சொல்கிறார்கள். 'அந்த சைட் சேஃப்தான் மச்சி, நான் நாலு கேம் இறக்கியிருக்கேன்' என்ற விடுதி அறை வாக்கு அசல் ஐதிகம்.

நியாய மரபு இதில் கறாரானது. ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், சொல்வதே உரை. அம்மரபின் வாத்ஸ்யாயனர் தம் விளக்கவுரையில் ஆப்தருக்கு இலக்கணம் வகுக்கிறார்: பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடி சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இது ரிஷி, ஆரியர், மிலேச்சர் எல்லோருக்கும் பொது என்றும் சொல்லிவிடுகிறார். ஆளின் பட்டத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

இந்த உரைகல்லில் ஸ்டீம் போன்ற பெரிய கணினி விளையாட்டுக் கடையை உரசிப் பார்க்கலாம். அதிகாரபூர்வக் கடையில் வாங்குவது தெரியாத தளத்தில் இறக்குவதைவிடப் பல மடங்கு மேல், சந்தேகமில்லை. ஆனால் தன்னிடம் உள்ள ஒவ்வொரு விளையாட்டையும் கடை நேரில் அறியுமா? 2025 பிப்ரவரியில் 'பைரேட்ஃபை' என்ற இலவச விளையாட்டு ஏறக்குறைய ஒரு வாரம் ஸ்டீமில் இருந்தது. உள்ளே விடார் என்ற தகவல் திருடி. 'பிளாக்பிளாஸ்டர்ஸ்' இன்னும் பொல்லாதது. அந்த ஆண்டு ஜூலை இறுதியில் சுத்தமாக வெளியானது. ஒரு மாதம் கழித்து வந்த அப்டேட்டில் நஞ்சு ஏறியது. புற்றுநோய் சிகிச்சைக்காக நேரலையில் நிதி திரட்டிக்கொண்டிருந்த ஒருவர் 32,000 டாலர் அளவுக்கு இழந்தார். 2023 கிறிஸ்துமஸ் அன்று 'ஸ்லே த ஸ்பயர்' விளையாட்டின் ரசிகர்கள் உருவாக்கிய 'டவுன்ஃபால்' என்ற விரிவாக்கத்துக்கு நேர்ந்தது வேறு: உருவாக்கியவர்கள் யோக்கியர்கள், அவர்களுடைய கணக்கைக் கைப்பற்றியவர்கள் அவர்கள் பெயரில் அப்டேட் அனுப்பினார்கள். ஆப்தரின் வாயை இன்னொருவர் இரவல் வாங்கிப் பேசினால் என்ன செய்வது என்பதை நியாய நூல்கள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதே என்பார்கள். 2019இல் வெளிவந்த ஷேடோஹேமர் விவகாரத்தில், ஏசஸ் நிறுவனத்தின் அப்டேட் வழியே போன கள்ள நிரல் அந்நிறுவனத்தின் உண்மையான கையொப்பத்தோடுதான் போனது. கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண்ணைச் சரிபார்ப்பதும் இப்படித்தான்: அவர்கள் வைத்த கோப்பே வந்து சேர்ந்தது என்று சொல்லும், கோப்பு நல்லதா என்று சொல்லாது.

இங்கே பழைய சண்டை ஒன்று உயிர்பெறுகிறது. அறிவு தோன்றும்போதே செல்லுபடியாகும், மறுக்கும் காரணம் வந்தால் விட்டுவிடலாம் என்றார்கள் மீமாம்சகர்கள். இல்லை, செல்லுபடி வெளியிலிருந்து நிறுவப்பட வேண்டும் என்றார்கள் நியாய மரபினரான நையாயிகர்கள். அப்படியானால் நிறுவுவதை எதைக் கொண்டு நிறுவுவது, அதற்கு முடிவே இராதே என்று மீமாம்சகர்கள் மடக்கினார்கள். 1984இல் அச்சான தம் டூரிங் விருது ஏற்புரையில் கணினி அறிஞர் கென் தாம்சன் இதே முடிவின்மையைக் கணினியில் செய்தே காட்டினார். மூல நிரலில் ஒரு குறையும் தெரியாது. அதை மொழிபெயர்க்கும் கம்பைலருக்குள் கள்ளச் சாவி ஒளிந்திருக்கும், கம்பைலரைப் புதிதாக உருவாக்கினாலும் கூடவே பிறக்கும்.

நையாயிகர்களின் பதில் நடைமுறை சார்ந்தது. தூரத்தில் தெரிவது தண்ணீரா கானலா? போய்க் குடித்துப் பார். தாகம் தீர்ந்தால் தண்ணீர். செயல் பலித்தால் அறிவு மெய்.

விளையாட்டு விஷயத்தில் காலை வாரிவிடுவது இந்த இடம்தான். 2021இல் அவாஸ்ட் ஆய்வாளர்கள் அம்பலப்படுத்திய 'கிராக்கோனோஷ்' நிரல் ஜிடிஏ 5 போன்றவற்றின் திருட்டு நகல்களோடு 2,22,000க்கும் மேற்பட்ட கணினிகளில் புகுந்திருந்தது. கணினியை சேஃப் மோடுக்குத் தள்ளி, காவல் தூங்கும் நேரத்தில் ஆன்டிவைரஸை அழித்தது. பிறகு திரையின் கீழ்மூலையில், பச்சை டிக் போட்ட ஒரு போலிப் பாதுகாப்புச் சின்னத்தை வைத்துவிட்டுப் போனது. கணினி மொனீரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டித் திருடருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சேர்ந்த தொகை 20 லட்சம் டாலருக்கு மேல். விளையாட்டு? அது பாட்டுக்கு ஓடியது. கார் பறந்தது, தாகம் தீர்ந்தது. 'அனிமல்' ஆடியவர்களுக்கும் கேள்வி பதில் நன்றாகத்தான் நடந்தது. செயல் பலிப்பதே இங்கே மறைப்பு.

அப்படியென்றால் எதையுமே நம்பக் கூடாதா? பத்தாம் நூற்றாண்டின் நையாயிகர் உதயணர் சந்தேகத்துக்கு ஒரு வரம்பு கட்டினார்: சந்தேகப்படுபவரின் செயலே அந்தச் சந்தேகத்தை மறுக்கும் இடத்தில் அது நின்றுபோகிறது. எந்த நிரலையும் நம்ப மாட்டேன் என்று கணினியில் தட்டச்சு செய்பவரைப் பார்த்தால் அவர் சிரித்திருப்பார். ஆனால் எவ்வளவு நம்புவது என்பது இன்னும் மிச்சமிருக்கிறது. அதை எவ்வளவு இழக்கலாம் என்பதோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். தகவல் திருடி முதலில் கை வைப்பது பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களிலும் குக்கிகளிலும். உள்நுழைந்த நிலையில் உள்ள குக்கி போனால் ஓடிபி பாதுகாப்பும் வீண். விளையாட்டுக்கென்று நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு வைப்பதும், வங்கி வேலைக்கு வேறு கருவியைப் பயன்படுத்துவதும் நம்பிக்கையை அளந்து ஊற்றும் வேலை.

பைரேட்ஃபையை ஓட்டியவர்களுக்கு ஸ்டீமின் உரிமையாளரான வால்வ் ஓர் அறிவிப்பு அனுப்பியது. தீநிரல் இருந்ததாகச் சந்தேகிக்கிறோம். முழு ஸ்கேன் செய்யுங்கள். இயங்குதளத்தையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதையும் யோசியுங்கள். ஒரு வாரமாக அந்த விளையாட்டை அலமாரியில் வைத்திருந்த கடை, அந்த அறிவிப்பில்தான் வாத்ஸ்யாயனர் கேட்ட மாதிரி பேசியது: தெரிந்ததை, தெரிந்த அளவுக்கு.